சும்மா நடக்கிற வேலை

என்னைக் கேட்டால், இந்த விளையாட்டு இன்னும் கொஞ்சம் சுலபமாகியிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லுவேன். நாள் முழுக்க நின்ற காலில் நின்றுவிட்டு வந்து குந்துகிறவளுக்கு விளையாட்டிலும் கஷ்டம் வேண்டுமா? ஆனால் என்னை யார் கேட்டது? சனிக்கிழமை காலையில் கனடாவிலிருந்து வீடியோவில் வருகிற தம்பி கேட்பதில்லை, தீர்ப்புத்தான் சொல்வான். இப்போது வருவதெல்லாம் பால்குடிப் பிள்ளைகளுக்குச் செய்தது, பழையதுதான் விளையாட்டு, என்பான். நான் ஒரு கையால் அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு, ஓம் ஓம் என்பேன்.

விளையாட்டு என்று நான் சொல்வது கைக்குள் அடங்குகிற பெட்டியில் விளையாடுகிற ஒன்று. புல்லுக்குள்ளும் குகைக்குள்ளும் நடந்து திரிந்து, எதிர்ப்படுகிற விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, பழக்கி, வளர்த்து, மற்றவர்களுடைய பிராணிகளோடு சண்டைக்கு விட வேண்டும். ஊருக்கு ஊர் ஒரு கெட்டிக்காரர் இருப்பார். அவரை வென்றால்தான் அடுத்த ஊருக்கு வழி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் தொடங்கியது, இன்றைக்கும் நிற்கவில்லை. கொஞ்ச வருடத்துக்கு ஒருமுறை புதிதாக ஒன்றை இறக்கிவிடுகிறார்கள், உலகம் முழுக்க வளர்ந்த மனிதர்கள் இருந்து சண்டை பிடிக்கிறார்கள், சுலபமாகிவிட்டதா இல்லையா என்று. அந்தப் பிராணிகளை எங்கள் அம்மா பூச்சி என்பார். பூச்சி பிடித்தது காணும், எழும்பிப் படியுங்கள் என்பது கொட்டாஞ்சேனை வீட்டில் தினமும் கேட்ட வசனம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். பூச்சி என்ற பெயர் மட்டும் எனக்கும் தம்பிக்கும் இடையில் இருக்கிறது.

அம்மாவின் செத்த வீட்டுக்கு வந்தபோதுதான் அவன் தன்னுடைய பெட்டியை என்னிடம் விட்டுப் போனான். தான் வேறு வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். சாப்பிட்டாயா, அங்கே மழையா, அப்பா எப்படி என்று கேட்டு முடிந்ததும் எங்களுக்குக் கதைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை, அதுதான் உண்மை. பூச்சி இருந்தால் கதை ஓடும். அவனும் நானும் ஒரே புதிய விளையாட்டை அங்கேயும் இங்கேயும் விளையாடினோம். அவன் குறை சொல்லிக்கொண்டு, நான் நித்திரை தூங்கிக்கொண்டு.

அவனுடைய வழக்கு இதுதான். முந்தி சண்டையில் இறங்கின பூச்சிக்கு மட்டும்தான் பலம் ஏறும். இப்போது ஒன்று சண்டை பிடித்தால் பைக்குள் கிடக்கிற மற்றதெல்லாவற்றுக்கும் சேர்த்துப் பலம் ஏறுகிறது. முந்தி காயப்பட்ட பூச்சியைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டும். இப்போது வழிநெடுக வைத்தியம். போக வேண்டிய இடத்துக்கு அடையாளம் போட்டுக் காட்டுகிறது, போதாததற்குத் தானாகவே எல்லாவற்றையும் சேமித்துவைத்துக்கொள்கிறது.

"பைக்குள்ள படுத்துக் கிடக்கிறவனுக்கும் பங்கு குடுத்தா அது என்ன விளையாட்டு அக்கா?" என்று ஒரு நாள் கேட்டான்.

எனக்குப் புரையேறிவிட்டது. யார் கேட்கிறான் பாருங்கள். அதற்கு முந்தின கிழமைதான் வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தக்கார மாமி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கொப்பர் குடுத்து வைத்தவர், மகன் அங்கேயிருந்து எப்படிப் பார்க்கிறான் என்று கண் கலங்கினார். நான் ஓம் மாமி என்றேன். ஐஸ்கிறீம் உருக முதல் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. மாமியோடு நின்று வழக்காட எனக்கு நேரமில்லை.

அப்பாவுக்குப் பாரிசவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சினது ஒரே ஒரு சொல், சரி. பசித்தாலும் சரி, நொந்தாலும் சரி, என்னைத் திட்டுவதென்றாலும் சரி. எந்தச் சரி எதற்கு என்று எனக்கு அடுக்களையில் நின்றே தெரியும். காலையில் நான் காலி வீதியில் மருந்துக் கடையில் வேலை செய்கிற நேரத்துக்கு மட்டும் பாமன்கடையிலிருந்து ஒரு வயதான அம்மா வந்து அவரோடு இருப்பார். பாவம், அவராலேயே கதிரையிலிருந்து எழும்ப முடியாது, அப்பாவை எங்கே தூக்குவது? தூக்குவதற்கென்று ஒரு முறை ஆள் எடுத்தோம். தடியான, நல்ல மனிதர்தான். அப்பா இடது கையால் ஒரு அறை விட்டார். மனிதர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை.

பின்னேரங்களில் அப்பாவை நடக்க வைக்க வேண்டும். நடக்காவிட்டால் மற்றக் காலும் போய்விடும் என்று பயிற்சி கொடுக்கிறவர் சொல்லியிருந்தார். எங்கள் மாடியில் லிஃப்ட் வாசலிலிருந்து கடல் பக்கத்து ஜன்னல் வரைக்கும் ஒரு நீட்டு நடை இருக்கிறது. அதில் அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு போவேன், வருவேன், போவேன், வருவேன். ஜன்னலடியில் நின்றால் கீழே தண்டவாளமும் அதற்கப்பால் கடலும் தெரியும். ரயில் வந்தால் அப்பா நிற்பார். சனம் தொங்கிக்கொண்டு போகும். அது போய் முடியும்வரை அசையமாட்டார். என் கை விறைத்துப் போகும். எதிர் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். இதில் என்ன இருக்கிறது சொல்வதற்கு, ஒன்றுமில்லை, நடந்தோம்.

அதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்புவேன். எங்கள் ஆட்களிடம் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவைக்கு வருத்தம் துன்பம் சொல்லக்கூடாது. பாவம், தனிய இருந்து பயந்துவிடுவார்கள், ஓடிவரவும் முடியாது, வேலையும் கெடும். எல்லாம் முடிந்த பிறகு, ஒப்பரேஷன் முடிந்தது, இப்போது சுகம், என்று ஒரு வரியில் சொல்லுவோம். அம்மா தன் நோயைத் தம்பிக்குச் சொல்ல விடவேயில்லை. அதனால்தான் தம்பி வந்தபோது நேரே செத்த வீட்டுக்கு வந்தான். அப்படியும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. நானும் அப்பா நேராக எட்டு வைக்கிற துண்டை மட்டும் வெட்டி அனுப்புவேன். அவர் சுவரில் சாய்வதும், காறித் துப்புவதும், நான் முழங்காலில் நின்று செருப்பைத் தேடுவதும் அதில் இராது. குழுவில் கைதட்டும் படங்களாக வந்து கொட்டும். அப்பா விளாசுறார் என்று தம்பி எழுதுவான். அவனுடைய பலமும் ஏறும்.

கொட்டாஞ்சேனைக்கு வருகிறேன். அங்கேதான் நாங்கள் வளர்ந்தோம், ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில். மாமா ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அந்தக் காலத்துப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதற்குள் செருகுகிற விளையாட்டை அப்பா புறக்கோட்டையில் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கினார். முழுக்க ஜப்பான் எழுத்து. ஒன்றும் விளங்காது. எதை அமத்தினால் என்ன நடக்கும் என்பதை அமத்தித்தான் கண்டுபிடித்தோம். ஒன்றை மட்டும் எவ்வளவு அமத்தியும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியை அணைத்தால் எல்லாம் போய்விடும். அடுத்த முறை முதல் ஊரிலிருந்து, முதல் பூச்சியிலிருந்து. அது அப்படித்தான் என்று நினைத்தோம். சோதனை மண்டபத்தில் குந்தினால் எழுதி முடித்துவிட்டுத்தானே எழும்ப வேண்டும், அதைப் போல என்று நானே தம்பிக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

ஆகையால் நாங்கள் பெட்டியை அணைப்பதில்லை. பற்றறி கட்டுப்படியாகாது, சுவரில் செருகிய வயரில்தான் அது உயிரோடு இருக்கும். அந்த வீட்டில் சும்மா இருந்த ஒரே பிளக் அயன் பண்ணுகிற மேசைக்குக் கீழே இருந்தது. மேசைக்கடியில் காலை மடித்துக் குந்தியிருந்து விளையாட வேண்டும். கரண்ட் போனால் தெருவெல்லாம் கூ என்று கத்தும், மேசைக்கடியில் தம்பி ஓவென்று அழுவான். நான் பெட்டியை மூடிவைத்துவிட்டு, கரண்ட் வந்ததும் முதலிலிருந்து தொடங்குவேன்.

நான் என்றுதான் சொன்னேன். ஏனென்றால் தொடங்குவதும் வளர்ப்பதும் என் வேலை. ஒரு பூச்சிக்குப் பலம் ஏற வேண்டுமென்றால் புல்லுக்குள் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். அப்போதுதான் காட்டுப் பூச்சி எதிர்ப்படும், அதை அடிக்க வேண்டும், பிறகும் நடக்க வேண்டும். அதில் வெல்லுவதும் இல்லை, தோற்பதும் இல்லை. தம்பி டியூஷனுக்குப் போவான், பந்தடிக்கப் போவான். பொம்பிளைப் பிள்ளை எங்கேயும் போவதில்லை, வீட்டில்தான் இருப்பேன். போகும்போது பெட்டியை என் கையில் தந்துவிட்டுச் சொல்லுவான், "நீ சும்மா நட அக்கா. அது தானா வரும்."

நடப்பேன். வெங்காயம் உரித்துவிட்டு நடப்பேன், உடுப்பு மடித்துவைத்துவிட்டு நடப்பேன். அவன் வந்து கால் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, மேசைக்கடியில் புகுந்து பெட்டியை வாங்குவான். நேரே போய் அந்த ஊர்க் கெட்டிக்காரரை ஒரே வீச்சில் வெல்லுவான். வீடே அதிரும். அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். எனக்கு அதில் ஒரு கவலையும் இருக்கவில்லை, பொய் சொல்லக்கூடாது. அவன் வென்றால் நானும் கத்துவேன். அதை ஒரு வேலை என்றே நான் நினைத்ததில்லை.

சரி, இந்த வருடத்துக்கு வருவோம். எனக்கு ஒரு நோ இருந்தது, அடிவயிற்றில். மருந்துக் கடையில் நிற்கிறவளுக்கு மாத்திரைக்கா பஞ்சம், போட்டுப் போட்டுச் சமாளித்தேன். ஒரு நாள் கடையில் நின்றபடியே கண் இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஏறிப் பொரளையில் ஒரு டொக்டரிடம் போனேன். கர்ப்பப்பையில் கட்டிகள், பெருத்துவிட்டன, கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு எனக்குத்தான் ஆபத்து என்றார். எடுத்த பிறகு சில கிழமைகள் ஒரு வாளித் தண்ணீரும் தூக்கக்கூடாதாம். வீட்டில் யார் இருக்கிறார் என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா என்றேன். நல்லது, அப்ப பிரச்சினை இல்லை, அவர் உங்களைப் பார்த்துக்கொள்வார் என்று சந்தோஷமாக எழுதத் தொடங்கினார். அவரைத் திருத்துவதற்கு எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது, அந்த அளவில் நல்ல நாள்.

அப்பாவைத் தூக்க ஆளில்லாமல் நான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க முடியாது. அப்பா தொட விடுகிற ஆட்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒன்று நான். மற்றவன் கனடாவில், பைக்குள் இருக்கிறான். கேட்கலாம்தானே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் சட்டம் இருக்கிறதே. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைக்குச் சொல்லுவோம் என்று இருப்பேன், அவன் பூச்சிக் கதையைத் தொடங்குவான், நான் ஓம் ஓம் என்பேன். இப்படியே தள்ளினேன். நோவும் என்னோடு சேர்ந்து நாள் தள்ளியது.

அந்த நாட்களில்தான் அவனுக்கு ஒரு வீம்பு பிடித்தது. பழையதுதான் கஷ்டமான, அசல் விளையாட்டு என்பதை நிரூபிப்பதற்காக அந்தப் பழைய பெட்டியையும் பழைய விளையாட்டையும் எங்கேயோ தேடி வாங்கினான். போலி இல்லை, கொம்பனி செய்தது, இங்கிலீஷ் எழுத்து. முதல் கிழமை வீடியோவில் அவன் முகம் பிள்ளை முகம் போல இருந்தது. அதில் சேமிக்க வசதி இருந்திருக்கிறது அக்கா, எங்களுக்கு விற்றது போலி, அதனால்தான் ஒன்றும் நிற்கவில்லை, என்று சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை தரம் முதலிலிருந்து தொடங்கியிருப்பேன், ஒன்றும் தேவையில்லாமல். வெறுத்துப் போய்விட்டது எனக்கு.

அடுத்த கிழமை அவன் கொஞ்சம் சோர்ந்திருந்தான். அதற்கடுத்த கிழமை எரிச்சல். மூன்றாவது ஊரில் மாட்டுப்பட்டுவிட்டான். எவ்வளவு போனாலும் தோல்வி, பூச்சிகள் பலமில்லாமல் விழுகின்றனவாம்.

அன்றைக்கு அப்பாவைக் கொமோட் கதிரையில் இருத்திவிட்டு, போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்து, கட்டிலைத் தட்டி விரித்துக்கொண்டு இவன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடிவயிறு கழன்று விழுவது போல இருந்தது.

"இது வேற மாதிரி இருக்கு அக்கா," என்றான். "அப்ப இவ்வளவு கஷ்டமா இருக்கேல்லை. நான் எல்லாரையும் ஒரே அடியிலை வெண்டனான். எங்களுக்கு வித்த போலியிலை சுலபமாக்கி வச்சிருப்பாங்கள் போல."

கட்டில் விரிப்பு என் கையில் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அதை உதறினேனா எறிந்தேனா தெரியாது.

"போலியிலை ஒருத்தரும் ஒண்டும் மாத்தேல்லை," என்றேன். "அப்ப நான் இருந்தனான்."

அவனுக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். நீ டியூஷனுக்குப் போன நேரம் யார் நடந்தது? நீ பந்தடிக்கப் போன நேரம்? நீ வந்து அடிக்கும்போது பூச்சிக்குப் பலம் எங்கேயிருந்து வந்தது, வானத்திலிருந்தா? உனக்கு அது எப்போதும் சுலபமாகத்தான் இருந்தது. கஷ்டப்பட்டது நான், அதுவும் அது கஷ்டம் என்று எனக்கே தெரியாமல்.

பின்னால் அப்பா, சரி, சரி, என்று குரலை உயர்த்தினார். முடிந்துவிட்டது, வந்து தூக்கு என்கிற சரி அது. வழமையாக நான் அந்த இடத்தில், பிறகு கதைக்கிறேன் என்று போனை வைத்துவிடுவேன். அன்றைக்கு வைக்கவில்லை. போத்தலோடு போனை அலுமாரித் தட்டில் தூக்கி வைத்து, கட்டில் பக்கம் திருப்பிவிட்டேன். அப்பாவைத் துடைத்து, சாரத்தைக் கட்டிவிட்டு, கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தேன். குனிந்து அவருடைய இடது கையை என் கழுத்தில் போட்டேன். என் முழங்காலை அவருடைய முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். ஒரு தூக்கு. வரவில்லை. மூச்சு வாங்கினேன். இன்னொரு தூக்கு. கட்டில் விளிம்பில் இரண்டு பேருமாக விழுந்தோம். அப்பா என்னைத் திட்டினார். என்னால் எழும்ப முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் அப்படியே சுருண்டு கிடந்தேன். வெட்டாமல் ஒட்டாமல் முழு வீடியோ.

அங்கே கிடந்தபடியே சொன்னேன், "தம்பி, எனக்கு ஒப்பரேஷன் செய்யவேணும். கர்ப்பப்பை எடுக்கினம். இனி என்னாலை தூக்கேலாது. நீ வந்து நில்."

போனில் அவன் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அம்மாவுக்கும் இப்படித்தான் செய்தீர்கள் என்றான். கோபமாகத்தான் சொன்னான், கோபப்படட்டும். எப்போது என்று கேட்டான். நீ வருகிற கிழமை என்றேன்.

வந்தான். லீவுக்கு எவரிடமோ கெஞ்சி, பிள்ளைகளை மனைவியிடம் விட்டுவிட்டு வந்தான். நான் ஆஸ்பத்திரிக்குப் போக முதல் அவனுக்கு எல்லாம் காட்டிக்கொடுத்தேன். இடுப்புப் பட்டி, முழங்கால் முட்டு, எந்தச் சரி எதற்கு. அப்பா அவனுக்கும் ஒரு அறை விட்டார். ஆனால் தொட விட்டார். முதல் நாள் இரண்டு பேரும் ஜன்னல்வரை போய்த் திரும்பியபோது தம்பியின் சேட்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பெட்டியை அவன் கொண்டுவந்திருந்தான். பையை விட்டு எடுக்கவேயில்லை.

ஒப்பரேஷன் முடிந்து, மயக்கம் தெளிந்து, அடுத்த நாள் பின்னேரம் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். போன் அடித்தது. வருடக்கணக்கில் நான் அதை அணைத்ததில்லை. குளிக்கப் போனாலும் வாசலில் வைத்துவிட்டுத்தான் போவேன். தம்பி. எப்படி இருக்கிறாய் என்று ஒரு தரம் கேட்டான், அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, மனிசன் எழும்புறாரில்லை. கெஞ்சியும் பாத்திட்டன். என்ன செய்யிறது?"

பின்னால் சரி சரி என்று கேட்டது. மாட்டேன் என்கிற சரி. எனக்கு அந்தக் குரலின் ஒவ்வொரு வளைவும் தெரியும், எதைச் சொன்னால் எழும்புவார் என்றும் தெரியும். உடம்பு தானாகவே கட்டிலில் எழும்பப் பார்த்தது. தையல் இழுத்தது. திரும்பப் படுத்தேன்.

"நீ முன்னாலை சும்மா நட," என்றேன். "தானா வருவார்."

அவனுடைய செருப்புச் சத்தம், நடையில், என்னை விட்டுத் தூரப் போனது. போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டான் போல. பிறகு அப்பாவின் மூச்சு. கட்டில் கிறீச்சிட்டது. தம்பி ஓடிவருகிற சத்தம், பிடிக்கிற சத்தம், இரண்டு பேரும் முனகுகிற சத்தம். பிறகு தேய்ந்து தேய்ந்து போகிற ஒரு கால். நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில் ரயில் போனது.

தம்பி மூச்சிரைக்கத் திரும்பி வந்து போனை எடுத்தான். "ஜன்னல்வரை வந்திட்டார் அக்கா," என்றான். டியூஷன் விட்டு வந்து கெட்டிக்காரரை வென்ற அதே குரல். "இனி?"

"இனித் திரும்பி நட," என்றேன். "நாளைக்கும்."

போனை அணைத்துவிட்டு நித்திரை கொண்டேன்.